அந்தோணியம்மா டீச்சருக்குப் பெஞ்சு வேண்டாம்

அட்டன் பஸ் நிலையத்தில் கண்டக்டர் தம்பிதான் சொன்னார். "டீச்சரம்மா, ஒங்க குருவி டீச்சர் காலையில தவறிட்டாங்களாம்." கூடையை அங்கேயே கீழே வைத்துவிட்டேன். அந்தோணியம்மா டீச்சரைத்தான் ஊரே குருவி டீச்சர் என்று கூப்பிடும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே மண்டபத்தில், கரும்பலகைக்கு இந்தப் பக்கம் அவர் வகுப்பும் அந்தப் பக்கம் என் வகுப்புமாகக் காலம் தள்ளியவர்கள் நாங்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஆள், "பறவை மாதிரி பறந்துட்டாங்க" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழுப்பு வந்து மூச்சுக்குத் தவித்துப் போன மனுஷி அவர். பறந்தாராம்!

அதையாவது பொறுத்துக்கொண்டேன். இரங்கல் கூட்டத்தில் நுவரெலியா ஏரிக்கரைச் சின்னப் பூங்காவின் மேற்பார்வையாளர் மேடையேறினார். டீச்சர் வழக்கமாக உட்காரும் இடத்தில் மண்டிக் கிடக்கும் புதரை வெட்டித் துப்புரவாக்கி, அவர் பெயரில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போடுவதாக அறிவித்தார். அங்கே வந்திருந்த நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்குக் கை எழவில்லை. அது யாருடைய புதர் என்று தெரிந்துகொண்டாவது தட்டியிருக்கலாம்.

ஏப்ரல் விடுமுறை விட்டால் டீச்சர் வீடு தங்க மாட்டார். முதல் தடவை என்னையும் இழுத்துக்கொண்டு நானுஓயா வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலுமாகப் போனார். சீசன் பூக்களைப் பார்க்கலாமென்று நான் நல்ல சேலையாகக் கட்டியிருந்தேன். அவரோ பூப்பாத்திப் பக்கமே திரும்பாமல், பூங்காவின் பின்னால் ஓடும் சாக்கடைக்குக் கூட்டிப்போய், உண்ணிச் செடிப் புதருக்கு எதிரே பத்திரிகைத் தாளை விரித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினேன்.

"செத்த சும்மா இருங்க டீச்சர். புழு இங்கதான இருக்கு, ரோசாப்பூவுலயா இருக்கு?" என்றார்.

மாலை ஆறு மணி வாக்கில் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் கேட்டது. சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. நான் வாயைப் பிளந்தேன்.

"காலையிலயும் பெரட்டுல பேர் கூப்புட்டு ஆள வேலைக்குப் பிரிக்கிற நேரத்துலதான் இது கூப்புடும். ஆனா யாரையும் மலைக்கு வெரட்டாது" என்று காதோடு சொன்னார்.

குளிருக்கு வந்து தங்கி, ஏப்ரல் கடைசியில் வடக்கே திரும்பிவிடும் குருவி அது. அதுவரை புதரை விட்டுவையுங்கள் என்பதுதான் டீச்சர் கேட்டதெல்லாம். ஒரு வருடம் ஏப்ரல் முடிவதற்கு முன்னாலேயே வெட்ட ஆள் வந்துவிட்டது. டீச்சர் இதே மேற்பார்வையாளரிடம் ஓடினார்.

"இந்த மாசம் கழியட்டும்ங்க. அது தானா போயிரும், அப்பறம் வெட்டிக்கங்க."

அந்த மனிதர் தம் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "குருவிக்கு ஓட்டு இருக்கா டீச்சரம்மா?" என்றார்.

"எனக்குந்தான் இல்லீங்க. அதுக்காக என்னையும் வெட்டிப்புடுவீங்களா?"

நம் தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமையையும் ஓட்டையும் அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட பிறகு நடந்தது இது. சிரிப்பு நின்றது. கத்தி நிற்கவில்லை. அன்று மாலை மொட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். விசில் வரவில்லை.

அடுத்த ஏப்ரலில் டீச்சரின் குடை புடைத்துக்கொண்டு நின்றது. மடித்த குடைக்குள் தோட்டத்து வேலியோரம் ஒடித்த உண்ணிக் குச்சிகள்! களை விட்டுப்போனால் அரைநாள் கூலியை வெட்டும் தோட்டத்திலிருந்து, ஒரு டீச்சர் களையைக் கடத்திக்கொண்டு போய் நடுகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது. காவல்காரன் பிடுங்கி எறிந்தான். அடுத்த பயணத்தில் மறுபடி நட்டார். "புடுங்குறது அவுங்க வேல, நடுறது நம்ம வேல" என்பார். கையெல்லாம் முள் கீறியிருக்கும். நாற்றத்துக்குப் பயந்து காவல்காரன் கால் வைக்காத மூலையில் சில குச்சிகள் பிடித்துக்கொண்டன. அவை இடுப்பளவு புதராக வருடங்கள் ஆயின.

போன ஏப்ரலில் இழுப்போடுதான் வந்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில், அவர் நட்ட புதருக்குள்ளிருந்து இத்தனை வருடம் கழித்து மறுபடி அந்த இரட்டை விசில் கேட்டது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அந்தப் புதரைத்தான் ஐயா, அவர் பெயரைச் சொல்லி வெட்டப் போகிறீர்கள்! வெட்டியபின் பெஞ்சில் உட்கார்ந்து எதைப் பார்ப்பீர்கள்? உயிரோடு இருந்தபோது காது கொடுக்காதவர்களுக்கு, செத்த பிறகு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்?

டீச்சரின் குடை என்னிடம் இருக்கிறது. முள் கிழித்த துணி, மழைக்கு உதவாது. குச்சி கொண்டுபோகத் தாராளமாகப் போதும். அவரை உண்மையாகவே நினைக்கிறவர்கள் வரும் ஏப்ரலில் ஆளுக்கொரு குச்சியோடு வாருங்கள். வராவிட்டாலும் சரி. பெஞ்சு போட ஆள் வரும் அன்றைக்குப் புதருக்கு முன்னால் பத்திரிகைத் தாளை விரித்து நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும்தான் ஓட்டு இல்லை.