நாலாம் பாகத்துக்குப் பிறகும் வந்த மருந்துக்காரி

ஜெபராஜ் அண்ணாச்சி இறந்துவிட்டார். முந்தாநாள் மத்தியானம், ஹார்ட் அட்டாக்.

எனக்குச் செய்தி வந்த விதம் வேறு. பிரஸ் மேனேஜர் போன் பண்ணினார். "அண்ணாச்சிக்கு கொஞ்சம் முடியல தாயி, வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போ."

எங்கள் பக்கம் இந்த "முடியல"க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா... "அடக்கம் எப்ப சார்?" என்று கேட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள், டைரி, நோட்டு எல்லாம் அடிக்கிற பிரஸ்ஸில் எங்களுக்கு வேலை. அண்ணாச்சி டிசைனர், நான் பைண்டிங்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜப்பான் படக்கதையைக் கொண்டுவந்தார். மங்கா. புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத பைண்ட் பண்ணவன மொதல்ல வேலைய விட்டுத் தூக்கணும். முன்னட்டைய பின்னால ஒட்டிருக்கான்" என்றேன்.

சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "அவிய ஊர்ல வலமிருந்து எடமாதான் படிப்பாவ தாயி."

கதை முழுக்க ஒரு ஆன்லைன் கேமுக்குள்ளே நடக்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத ஆறு பேர் அதில் ஒரே டீம். அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு பெண். அண்ணாச்சி அவளுக்கு வைத்த பெயர் மருந்துக்காரி.

இங்கிலீஷில் படித்து, பேச்சு வருகிற பலூனுக்குள் இருப்பதை அழித்து, நம்ம ஊர்ப் பேச்சில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கவசம் போட்ட வீரன் டிராகனைப் பார்த்து, "ஏலே, தள்ளி நில்லுல" என்பான்.

நானும் என் தங்கச்சி ஜோதியும் ஒரே போனுக்கு அடித்துக்கொள்வோம். மருந்துக்காரியை முதலில் பிடித்துப்போனது அவளுக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஜோதியைக் காய்ச்சல் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் வேலையில் இருந்தேன். சித்தப்பா வந்து, "கொஞ்சம் கூடியிருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாவ, கெளம்பு" என்றார்.

வழியில் அவளுக்கு சாத்துக்குடி வாங்கினேன். சித்தப்பா தடுக்கவில்லை. எங்கள் ஊர் பசுவந்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால்... தெருமுனையில் பந்தல் போட்டிருந்தார்கள். பழப் பையோடு நின்றேன்.

மறுபடி வேலைக்கு வந்த அன்று அண்ணாச்சியிடம் அதைச் சொல்லித்தான் அழுதேன். "ஊரே சேந்து பொய் சொல்லிட்டாவ அண்ணாச்சி. நீங்களாவது எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க."

"மறைக்க மாட்டேன் தாயி" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்புறம் கொஞ்ச நாளில் மருந்துக்காரி ஒரு மாதிரி ஆகிவிட்டாள். எந்தப் படத்திலும் ஓரத்தில்தான் நிற்பாள். இடது பக்கமே பார்ப்பாள். தூக்கின கையை இறக்குவதில்லை.

"என்ன அண்ணாச்சி, இவளுக்குக் கழுத்து சுளுக்கிருச்சா?"

"வரையுதவன் சோம்பேறி தாயி."

ஒரே சேவல் படத்தை வெட்டி வெட்டி இருபது தீப்பெட்டி லேபிளில் ஒட்டுகிறவர் சொல்கிறார். நானும் தலையை ஆட்டினேன்.

போன வருடம் ஃபேஸ்புக்கில் ஒரு மங்கா க்ரூப்பில் சேர்ந்தேன். கதைப் பெயரைப் போட்டு, "இந்த வாரம் மருந்துக்காரி சூப்பர்" என்று எழுதினேன். வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "எந்த உலகத்துல இருக்கீங்க சிஸ்டர்?" என்று ஒருவர்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். "அவனுவ வேற என்னத்தையோ படிக்கானுவ. அந்த க்ரூப்ல நமக்கு என்ன சோலி? வெளிய வந்துரு" என்றார். வந்துவிட்டேன். அவர் சொன்னால் எனக்கு அப்பீலே கிடையாது.

நேற்று அடக்கம் முடிந்து வந்து, இந்தப் பதிவுக்காக மருந்துக்காரி படம் நல்லதாக ஒன்று நெட்டில் தேடினேன். அவர் போட்டோவை விட அது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

முதலில் வந்த படத்தைச் சுற்றி யாரோ பூ வரைந்து வைத்திருந்தார்கள். நாலாம் பாகத்தில் இறந்துவிட்டாளாம். கேமில் அவளாக விளையாடிய பெண் வெளியே ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறாள். டீம் கோட்டை வாசலில் காத்திருக்கிறது. அவள் வரவில்லை.

அடுத்த பாகங்களைத் தேடிப் பார்த்தேன். எனக்கு வந்த பக்கங்களில் அவள் நின்ற இடத்தில் எல்லாம் அசலில் வெறும் சுவர். ஒரு பக்கத்தில் மரம். லேபிள் சேவல் மாதிரி அவளையும் பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்.

நாலாம் பாகம் எப்போது வந்தது என்று பார்த்தேன். ஜோதி இறந்த அதே மாசம்.

புரிகிறது. ஏன் செய்தார் என்று நன்றாகவே புரிகிறது. புரிந்தும் வயிறு எரிகிறது. ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறார். ஃபேஸ்புக்கில் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தபோதும் உண்மையைச் சொல்லவில்லை.

கமெண்டில் யாரும் "உன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பார்" என்று எழுத வேண்டாம். சித்தப்பாவும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்.

ஜோதி போனதையே தாங்கிக்கிட்டேன் அண்ணாச்சி. படத்துல ஒருத்தி போனத தாங்க மாட்டேனா?

உங்கள நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும். அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அவரிடம் கேட்டேன். "மருந்துக்காரி பேசி ரொம்ப நாளாச்சே, அடுத்த வாரமாவது பேசுவாளா?" உடனே பதில் வந்தது. "பேசுவா தாயி."

நேற்று கல்லறையில் மண் போடும்போது வாய்ப் பழக்கத்தில், "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது.

அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வர மாட்டீங்க. அவளும் வர மாட்டா, ஜோதியும் வர மாட்டா.

போங்க அண்ணாச்சி.