செவலைக்கு வந்த புதுக்கயிறு

மழை ஏமாற்றிய வருஷம் அது, இரண்டாயிரத்து மூன்று. அடி அண்ணாமலையில் எந்த வீட்டில் காது வைத்தாலும் ஒரே பேச்சு: இருக்கிற வைக்கோலுக்கு எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது? அந்தப் பேச்சு பாஞ்சாலை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அவள் கொட்டகையில் இரண்டு உருப்படி. ஒன்று ஜெர்சி. குடம் நிறையக் கறக்கும், பால் சொசைட்டியில் அதற்கென்று ஒரு மரியாதை. ஆனால் வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும், நிழல் கேட்கும், தண்ணீர் கேட்கும். பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த பாடுதான். மற்றது செவலை, நாட்டுப்பசு. பாஞ்சாலையின் கல்யாணச் சீராக வந்த பசுவின் பேத்தி. கறப்பது ஒரு சொம்பு, அதுவும் மனசு வைத்தால். ஆனால் மலையடிவாரத்தில் சருகையும் சுள்ளியையும் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் தானாக வீடு திரும்பிவிடும்.

செவலையை விற்பது என்று அவள் புருஷன் இருசப்பன் முடிவு கட்டினான்.

"அது எங்க வீட்டுச் சீருங்க. என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"சீரு உங்க வீட்டுது, சரி. வைக்கோலும் அங்கிருந்தே வருதா?"

பாஞ்சாலைக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் ஜாஸ்தி. பௌர்ணமிக்கு மறுநாள் வந்து ஓட்டிப்போகச் சொல்லித் தரகன் வேடியப்பனுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் மாடு வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும். பழைய கயிறு விற்றவர் வீட்டிலேயே தங்கிவிடும். மாட்டோடு கயிறும் போனால் வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்று ஒரு பயம்.

பௌர்ணமி வந்தது. கிரிவலம் வருகிற சனம் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கும். சும்மா வருகிற தீனியை விற்கப்போகிற மாட்டுக்குக் கொடுப்பானேன் என்று இருசப்பன் சாயங்காலமே ஜெர்சியை ஓட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்தினான். கீரைக்கட்டோடு வந்த ஒரு பட்டணத்து அம்மாள் மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது பசுவாங்க? திமிலே காணோமே."

"பால் கறக்குதும்மா. பின்ன இன்னா, எருமையா?"

"புண்ணியம் வரணும் பாருங்க" என்று கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் "அரோகரா!" என்று கத்தியது. மிரண்ட ஜெர்சி இருசப்பனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பொரிக்கடைக்குள் நுழைந்தது. பொரி பறந்த பறப்பில் கடைக்காரன் விட்ட வசவை இங்கே எழுத முடியாது.

இருசப்பன் தலையில் பொரியோடு வீடு வந்தபோது பாஞ்சாலை செவலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போற மாடு. வயிறாரத் தின்னுட்டுப் போவட்டும்" என்றாள்.

திமிலும் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியுமாகச் செவலை ரோட்டோரம் நின்றதுதான் தாமதம், சனம் மொய்த்துக்கொண்டது. தொட்டுக் கும்பிட்டார்கள், கட்டுக் கட்டாய் நீட்டினார்கள். வயிறு நிறைந்ததும் செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. விட்டால்தானே? காலடியில் குவித்துவிட்டுப் போனார்கள். மீந்த கீரையைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தலைச்சுமையாக வீட்டுக்குச் சுமந்தார்கள். கொட்டகையில் ஜெர்சி ஆவலாய்த் தின்றது. அது தின்பதையே பார்த்துக்கொண்டு இருசப்பன் உட்கார்ந்திருந்தான். பாஞ்சாலை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் பலன் தரும் என்று அவளுக்குத் தெரியும்.

விடிந்ததும் வேடியப்பன் தோளில் புதுக்கயிறோடு வந்து நின்றான்.

"மாட்டை அவுத்துடட்டுமா?"

"பசுவை விக்கறதா இல்ல" என்றான் இருசப்பன்.

"நேத்து வரைக்கும் மாடு, இன்னிக்குப் பசுவா? வேற யாருக்குப்பா வித்துட்டே?"

"நானே வாங்கிக்கினேன். இவகிட்டேர்ந்து."

வேடியப்பன் தோளிலிருந்த புதுக்கயிற்றை உருவி இருசப்பனே செவலைக்குக் கட்டினான். அவிழ்த்த பழைய கயிற்றை, விற்றவளுக்குக் கொடுக்கிற முறையில், பாஞ்சாலை கையில் வைத்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.