தாமரையின் சட்டைப் பை

1. தொடையில் லாக்கர்

கதாநாயகி தன் தொடைக்குள் கையை விட்டு மூடி போட்ட ஒரு குட்டிப் பித்தளைச் செப்பை உருவி எடுத்தாள். நடுவில் துணியும் இல்லை, பையும் இல்லை. கை நேராகச் சதைக்குள் போய் வந்தது. எடுத்த செப்பை எதிரே நின்ற பூதத்தின் மேல் வீசினாள். பூதம் செப்புக்குள் அடங்கியது. திரையில் பூ தூவிப் பாராட்டு வந்தது. எங்கள் ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அனிமேஷன் லீட் நான்தான்.

“ஏனுங் மல்லிகா, புள்ளை என்ன தொடையில லாக்கர் வெச்சிருக்குதா?” என்றார் மோகன் சார்.

மோகன் சார் எங்கள் கம்பெனியை நடத்தியவர். சரவணம்பட்டியில், கீழே பேக்கரியும் மேலே நாங்களுமாக இருந்த சின்ன கேம் ஸ்டுடியோ அது. ஊர் ஊராக நடந்து, காட்டிலும் குளத்திலும் ஒளிந்திருக்கும் பூதங்களைச் செப்பில் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் பூதங்களோடு மோதவிடும் மொபைல் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கதாநாயகன் கதிர். அவனை உருவாக்கி, ஓடவிட்டு, வீசவிட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் கேமை வெளியிடும் பப்ளிஷர் கம்பெனியிலிருந்து, “பொண்ணுங்களும் விளையாடுவாங்க, ஒரு பெண் கேரக்டரும் வேணும்” என்று சொன்னார்கள்.

இந்தத் தொழிலில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆணுக்குச் செய்த அதே எலும்புக்கூட்டை, அதாவது ரிக்கை, எடுத்துக்கொள்வது. தோளைக் கொஞ்சம் சுருக்கி, இடுப்பை இறுக்கி, முடியை நீட்டி, மேலே வேறு துணியைப் போர்த்திவிடுவது. அசைவெல்லாம் அவனுடையதே. இதற்கு ரீஸ்கின் என்று பெயர். தாமரை அப்படித்தான் பிறந்தாள். கம்ப்யூட்டரில் அவள் ஃபைலின் பெயர்கூட ‘கதிர் எஃப்’ என்றுதான் இருந்தது.

கதிர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து செப்பை எடுப்பான். தாமரைக்குப் போட்டுவிட்டது சுடிதார். சுடிதாரில் ஏது பாக்கெட்? ஆயுசு முழுக்கப் பாக்கெட் இல்லாத துணியைக் கட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டி அலைகிற எனக்கே அது உறைக்கவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல.

மோகன் சார் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். “பப்ளிஷர் ரிவியூவுக்குள்ள இது சரியாகலீன்னா கதிரை மட்டும் வெச்சு ரிலீஸ் பண்ணிரலாமுங்க. பொண்ணை அப்பறமா அப்டேட்ல விட்டுக்கலாம்.”

எங்கள் தொழிலில் ‘அப்புறம் அப்டேட்டில்’ என்றால் என்ன அர்த்தமென்று எல்லாருக்கும் தெரியும். பூங்கொடிக்கும் தெரியும். தாமரைக்காகவே கான்ட்ராக்டில் சேர்ந்திருந்த கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் அவள். தாமரை போனால் அவளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, கிடைத்த முதல் வேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த பெண்.

2. பை வைத்துப் பட்ட பாடு

முதலில் தோளில் ஒரு பை மாட்டினோம். நிற்கும்போது லட்சணமாக இருந்தது. ஓட ஆரம்பித்ததும் பை ஒரு திசையில், அவள் ஒரு திசையில். யானைப் பூதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் பை முதுகுக்குள் புகுந்து வயிற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தது. உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதை க்ளிப்பிங் என்போம். எங்கள் வேலையில் பாதி நேரம் அதோடு மாரடிப்பதிலேயே போகும்.

அடுத்து இடுப்பில் பெல்ட் பை. மோகன் சாருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு டவுன் பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவராலும் அதைப் பார்க்க முடியவில்லை.

“பேசாம சுடிதார்லயே பாக்கெட் வெச்சா என்ன?” என்று கேட்டேன்.

புரோகிராமர் அன்வர் சிரித்தான். கோட்டைமேட்டுப் பையன், அப்பாவுக்கு லேடீஸ் டெய்லர் கடை. “எங்க அத்தாகிட்ட கேட்டுப் பாருங்க்கா. பாக்கெட் வெச்சா துணி விழுற அழகே போயிரும்னு ஒரு மணி நேரம் பேசி, கேட்டவங்களையே வேண்டாம்னு சொல்ல வெச்சிருவாரு” என்றான்.

வைத்தும் பார்த்தோம். குனிந்து செப்பை எடுக்கும்போது மேல்துணி கையோடு சுருண்டு வந்தது. அதையும் எடுத்தோம்.

பூங்கொடி இதிலெல்லாம் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் என் மேஜையில் ஒரு படம் வைத்திருந்தாள். அதே தாமரை, அதே சுடிதார். ஆனால் மேலே ஆம்பளைச் சட்டை ஒன்று, நீலக் கட்டம் போட்டது. முழுக்கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள். பட்டன் போடாமல், கீழே இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சு. நெஞ்சில் ஒரு பை.

தோட்டங்காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போவதைத் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். வெயிலுக்கு ஆகும், செடிச் சுணைக்கு ஆகும். அதில் பை இருக்கிறது என்பது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உறைத்தது. வாரி அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. “கண்ணு, நீ எங்கிருந்து புடிச்சே இதை?” என்றேன். “சும்மா தோணுச்சுங்க்கா” என்றாள்.

3. வெங்காயம்

மோகன் சார் படத்தைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“என்னங் மல்லிகா இது? ஹீரோயின் கேட்டா வெங்காயம் பறிக்கிற ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கீங்க. இதைய எந்தப் புள்ளைங்க எடுத்து வெளையாடும்?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்களில் யாரையும் ‘வா, போ’ என்று பேசியதில்லை. ஆனாலும் அந்தச் சொல் விழுந்த இடம் எனக்குத் தெரிந்தது. பூங்கொடியின் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எங்கம்மா வெங்காயந்தானுங்க்கா பறிக்குது” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துவிட்டேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். “சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க்கா. பாவப்பட்டு ஓகே பண்ணிருவாரு. அப்படி வேண்டாமுங்க.”

அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அவரிடம் தொழில் பேச்சு மட்டும் பேசினேன். முடிச்சுப் போட்ட சட்டை உடம்போடு ஒட்டி நிற்கும், ஆடாது, க்ளிப்பிங் கிடையாது, பை நெஞ்சில் இருப்பதால் கை போகும் தூரமும் குறைவு என்றேன். அவர் யோசித்தார்.

“சரீங்க, ரிவியூல காட்டுங்க. பப்ளிஷர் மேடம் வேண்டாம்னு சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கதிர் மட்டுந்தான் போவான்.”

4. பார்க்கிங்கில் பூதம் பிடித்தது

பை இடம் மாறினால் வீச்சும் மாற வேண்டும். கதிரின் அசைவு இனி உதவாது. ஒரு அசைவைப் புதிதாகச் செய்வதற்கு முன்னால் நாங்களே அதைச் செய்து வீடியோ எடுத்துக்கொள்வோம். சேலைக்கு மேல் அன்வரின் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்க்கிங்கில் இறங்கினேன். செப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம். பூதத்துக்குப் பதில் மோகன் சாரின் கார்.

பையிலிருந்து எடுப்பதும் வீசுவதும் சுலபமாக வந்தது. பழத்தைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் பையில் இருந்த மற்றப் பழங்களெல்லாம் உருண்டோடின. வாட்ச்மேன் ஓடி வந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு, “ஏனுங் மேடம், ஊட்ல ஏதாச்சும் வேண்டுதலுங்களா?” என்று பயபக்தியோடு கேட்டார். பூங்கொடி போனைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெங்காயப் பேச்சுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

“குனியறப்ப பையை உள்ளங்கையில அமுத்திக்கோணுமுங்க்கா” என்று செய்து காட்டினாள்.

அந்த அசைவு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குனியும்போது மட்டுமில்லாமல், தாமரை சும்மா நிற்கும்போதும் இடையிடையே பையை ஒரு தரம் தொட்டுப் பார்க்கிற மாதிரி செய்துவிட்டேன். சும்மா நிற்கும் அசைவை ஐடில் என்போம். ஆட்டத்தில் அடிக்கடி கண்ணில் படுவது அதுதான்.

5. உள்ளே என்ன இருக்கு?

ரிவியூ வீடியோ காலில் நடந்தது. பப்ளிஷர் பக்கம் ரேவதி மேடம், சென்னைக்காரர், பெங்களூரில் இருந்தார். அவர் விளையாட, அவருடைய ஸ்க்ரீனை நாங்கள் இங்கிருந்து பார்த்தோம். பூங்கொடி பின்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை நிற்பதும் போவதும் அந்த அம்மாவின் வாயில் இருந்தது.

ரேவதி மேடம் சட்டையைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஒரு புளியமரப் பூதத்தைப் பிடிக்கப் பிடிவாதமாகச் செப்பை வீசிக்கொண்டே இருந்தார். கடைசிச் செப்பும் தீர்ந்தது. பூதம் நின்ற இடத்தில் நின்றது. தாமரையும் நின்றாள். நின்றபடி பையைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம். செப்பு எல்லாம் தீந்துபோச்சே. இவ எதுக்கு இன்னும் பாக்கெட்டைத் தொட்டுப் பாக்கறா? உள்ள என்ன இருக்கு?”

அன்வர் மைக்கை ம்யூட் செய்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “போச்சுங்க்கா. செப்பு இல்லீன்னா அந்த அனிமேஷன் ஓடக்கூடாதுன்னு கண்டிஷன் போட மறந்துட்டேன்.”

மோகன் சார் ம்யூட்டை எடுத்து, புரோகிராமில் பிழை என்று ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஊட்டுச் சாவிங்க மேடம்.”

எல்லாரும் திரும்பினோம். பூங்கொடி எழுந்து நின்றிருந்தாள்.

“யாரோட வீடு?” என்றார் ரேவதி மேடம்.

“தாமரையோட ஊடுங்க. வேலைக்குப் போறவங்க சாவியைச் சட்டைப் பையிலதானுங்க வெச்சுக்குவாங்க. விழுந்துருச்சான்னு அப்பப்பத் தொட்டுப் பாத்துக்குவாங்க. எங்கம்மா வெங்காயம் பறிக்கப் போறப்ப அப்படித்தானுங்க போகும்.”

மோகன் சார் குனிந்து மேஜையைப் பார்த்தார்.

“ஆனா கேம் ஆரம்பத்துல அம்மா வாசல்ல நின்னு வழியனுப்பறாங்களே. அப்பறம் சாவி எதுக்கு?” என்று ரேவதி மேடம் விடவில்லை.

“அது கதிரோட அம்மாங்க” என்றாள் பூங்கொடி. “தாமரையோட அம்மா விடியறப்பவே காட்டுக்குப் போயிருக்கும்ங்க. ஊட்டைப் பூட்டிப்போட்டு இவதானுங்க கெளம்போணும்.”

“சாவியை இவ கொண்டுபோயிட்டா அம்மா எப்படி உள்ள போவாங்க?”

“பூட்டுக்கு ரெண்டு சாவிங்க. ஒண்ணு அம்மாகிட்ட, ஒண்ணு இவகிட்ட.” கொஞ்சம் தயங்கி, தன் கைப்பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து கேமரா முன்னால் காட்டினாள். “என்னோடதும் இருக்குதுங்க. ஹாஸ்டல்ல இதுக்கு வேலையில்லீங்க. இருந்தாலும் வெச்சுக்குவேன்.”

ரேவதி மேடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சாவியைப் பார்த்தார். பிறகு, “இவளுக்குத் தனி ஓபனிங் பண்ணுங்க. வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பட்டும். எத்தனை நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இவ இல்லாம ரிலீஸ் வேண்டாம்” என்றார்.

கால் முடிந்தது. மோகன் சார் எழுந்து பின்வரிசைக்குப் போனார்.

“அம்மணி, அன்னைக்கு நான் தப்பாப் பேசிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். “ஊடு, வாசல், பூட்டு எல்லாம் நீங்கதான் வரையோணும். கான்ட்ராக்ட் பேச்செல்லாம் உட்ருங்க. இங்கியே இருங்க.”

பூங்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு நான் தனியாகக் கேட்டேன். “நெசத்தைச் சொல்லு கண்ணு, அப்ப சமாளிச்சதுதானே?”

“இல்லீங்க்கா. வரையறப்பவே பையில சாவி இருந்துச்சுங்க. வெளிய தெரியாததை எதுக்குச் சொல்லோணும்னு விட்டுட்டேன்” என்றாள்.

6. கடைசித் திருத்தம்

புது ஓபனிங் தயாரானது. விடிகிற நேரம். ஆளில்லாத வீடு. தாமரை கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, உள்ளங்கையால் ஒரு தரம் அமுக்கிவிட்டு நடக்கிறாள். அவளுக்கென்றே நான் செய்த நடை அது. கதிரின் எலும்பு அதில் ஒன்றுகூடக் கிடையாது. மோகன் சார் பார்த்துவிட்டு, “கதிர் பையனுக்கும் ஒரு சாவி குடுத்துருங்களேன், பாவம்” என்றார். அடுத்து நாங்கள் எடுத்த கேமில் பெண்ணைத்தான் முதலில் செய்தோம். ஆணுக்கு அதற்கப்புறம்தான் ரிக் போட்டோம்.

இப்போது அனிமேஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஒரு பெண் கேரக்டரைக் கொண்டுவந்து காட்டினால், அவள் கண்ணையும் இடுப்பையும் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை. கையில், பையில் என்ன வைத்திருக்கிறாள், கிளம்பும்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்பேன். முழிப்பார்கள். முழிக்கட்டும், வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதை நான் பூங்கொடியிடம் கற்றேன்.

ரிலீஸுக்கு முன்னால் பூங்கொடி ஊருக்குப் போய் அந்தக் காட்சியை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினாள். அம்மா சட்டையைப் பார்த்துச் சிரித்ததாம். காட்சி முடிந்ததும் திரும்ப ஒரு தரம் போடச் சொல்லி, போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்ததாம். நல்லாயிருக்கு என்று சொல்லப்போகிறது என்று இவள் காத்திருந்தாளாம்.

“ஏஞ்சாமி, பூட்டுனவ இழுத்துப் பாக்காமப் போறாளே” என்றதாம் அம்மா.

திங்கட்கிழமை பூங்கொடி வந்து இதைச் சொன்னதும் நான் ஃபைலைத் திறந்தேன். இப்போது நீங்கள் தாமரையைத் தேர்ந்தெடுத்து விளையாடினால் பாருங்கள். கதவைப் பூட்டியபின் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.