சுற்றாமல் எழுதிய எண்

பொம்மிடிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1938 முதல் தெரசாவுக்கு ரத்தம் பார்க்கும் வேலை. மேசை விளிம்பில் முடுக்கி வைத்த மிசினில் ரத்தக் குழாய்களைச் செருகிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றச் சிவப்பு அடியில் படியும், தெளிந்த நீர் மேலே நிற்கும். கால் மணி நேரம் சுற்றிச் சிவப்பின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் கால் மணி சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் முழுக்கப் படிந்துவிட்டதாக அர்த்தம். உயரம் குறைவாக இருந்தால் உடம்பில் ரத்தம் குறைவு. பாதியில் நிறுத்தினால் சிவப்பு முழுக்க அமுங்காமல், இருப்பதைவிட உயரமாகக் காட்டும்.

பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வந்தன. நாலாவது வருடம் தெரசா, இரண்டாம் முறை சுற்றாமலே அதே எண்ணை எழுதத் தொடங்கினாள்.

1942 ஆடியில் வத்தல்மலையிலிருந்து குள்ளன் தன் மனைவி சின்னக்கண்ணுவை அழைத்துவந்தான். ஏழு மாதக் கர்ப்பம், முகம் ஊதியிருந்தது. அன்று நல்ல கூட்டம். தோள் கடுத்ததால் தெரசா முதல் சுற்றையே பாதியில் நிறுத்திவிட்டாள். முப்பத்துநாலு. பக்கத்திலேயே இன்னொரு முப்பத்துநாலு எழுதினாள். அதை நம்பி, ரத்தம் கொஞ்சம்தான் குறைவு என்று டாக்டரம்மா டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் சின்னக்கண்ணுவை டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். மூச்சு இரைத்தது. தெரசா இந்த முறை முழுக்கச் சுற்றினாள். பதினெட்டு.

டாக்டரம்மா குள்ளனைப் பார்த்துத் திரும்பினார். "பன்னண்டு நாள்ல இவ்வளவு ரத்தம் எங்க போச்சு? கருவக் கலைக்க என்ன குடுத்த?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலீங்கம்மா."

"பொய் சொல்லாத!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் அவனையே பார்த்தார்கள். அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். மூன்று முறை அவர் அதட்டினார். மூன்று முறையும் தெரசா கையில் குழாயோடு பேசாமல் நின்றாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவரு மேல தப்பில்லீங்க டாக்டரம்மா. அன்னைக்கி நான் சரியா சுத்தல. ரெண்டாவது எண்ணு... நானா எழுதினது."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. குள்ளனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே ஓடினார். மூன்றாம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது. தாய் பிழைத்தாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாளில் தெரசா குள்ளனைத் தனியே கூப்பிட்டாள். "கை வலிச்சுது. அதான்..." என்றாள்.

"கை வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சுத்தியிருப்பேனேம்மா," என்றான் அவன். "வெளியில சும்மாதானே உக்காந்திருந்தேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் நிமிர முடியவில்லை. அதன் பிறகும் ஏழு வருடம் அதே மிசினைச் சுற்றினாள். மலையிலிருந்து யாராவது வந்தால், பெயர் கேட்கும்போதுகூட அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள்.