தையலக்காவின் மெல்லிய ஈறு

"பல்லுல தண்ணி பட்டா கூச்சம் மண்டை வரைக்கும் ஏறுது."

தினமும் காலையில் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் தையலக்கா சொல்லும் முதல் பேச்சு இதுதான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது. "வெந்நீர்ல கொப்பளிங்கக்கா" என்பேன். "கொப்பளிச்சுட்டா மட்டும்" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போய்விடுவார்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி, கடைசி அறை அவருடையது. பாதி அறையைத் தையல் மெஷின் பிடித்துக்கொள்ளும். மீதியில் ஒரு கட்டில், அளவு பார்க்க வருகிறவர்களுக்காக ஓர் ஆளுயரக் கண்ணாடி. கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், ஞாபகம் இருந்தால். துணி கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரம்தான் அவருக்கு மனிதர்களோடு பேச்சு. அப்போதும் வாய் நிறைய குண்டூசி. என்ன பேசிவிட முடியும்?

கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் வரவர நீளமாகிக்கொண்டே வந்தன. வயதானால் பல் வளரும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். ஈறில் ரத்தம் வந்தால், அழுக்கு இன்னும் போகவில்லை என்று முன்னைவிட அழுத்தித் தேய்ப்பார். ஒருநாள் அவருடைய பிரஷ்ஷைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது என்னக்கா, கக்கூஸ் தேய்க்கிறதா?"

"உன் வாய்க்கு அதுதான் சரி. இதுல தேய்ச்சாதான் எனக்குத் தேய்ச்ச மாதிரி இருக்கு."

அன்றைக்கே பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண். மெல்லிய கம்பி ஒன்றை ஈறின் விளிம்புக்குள் மெதுவாக விட்டு, அக்கா கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள்.

"உள்ள இருக்கிற கம்பி ஈறு வழியா நிழலாத் தெரியுது பாருங்கம்மா. ஈறு தடியா இருக்கிறவங்களுக்கு இப்படித் தெரியாது. உங்களுக்குப் பிறவியிலேயே மெல்லிசு. அது நோய் இல்ல. ஆனா அழுத்தித் தேய்ச்சா தாங்காது, கீழ இறங்கிடும்."

"அப்ப பல்லு வளரலையா?"

"வளரல. மூடியிருந்த வேர் வெளிய வந்திருக்கு. அதான் கூசுது. இறங்கின ஈறு தானா மேல ஏறாது. இப்படியே விட்டா பல்லே ஆடிப்போகும்."

அக்கா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "மெல்லிசுத் துணிய ஒருத்தி இப்படித் தேய்ச்சிருந்தா அவளை நான் வாசல்லயே சேர்த்திருக்க மாட்டேன்" என்றார்.

மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறோடு வைத்துத் தைக்க வேண்டும், முதலில் ஒரு பல்லுக்கு, அது ஆறியதும் இன்னொன்றுக்கு என்றாள் டாக்டர். அக்காவுக்குப் பயமே இல்லை. என்ன நூல், முடிச்சு எந்தப் பக்கம் வரும் என்று குடைந்தெடுத்தார்.

"விட்டா நீங்களே தைச்சுக்குவீங்க போல" என்று சிரித்த டாக்டர், "கூட இருந்து பாத்துக்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டாள்.

"மகன் வருவான்."

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எந்த மகன் வர்றான்?"

"கேட்டா வருவான்."

"கேட்டீங்களா?"

"கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டான்னா?"

தையல் போட்ட அன்று நான்தான் கூடப் போனேன். தொடக்கூடாது, அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது, உதட்டை இழுத்துப் பார்க்கவே கூடாது. அசைந்தால் ஒட்டாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். மசித்த உருளைக்கிழங்கும் தயிரும் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் என் அடுப்பைப் பார்க்க வந்துவிடுவேன்.

ஒருநாள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்து, ஆளுயரக் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றுகொண்டு, கீழுதட்டைத் தாடை வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"தையல் பிரியுதான்னு பாக்கறேன்."

"எத்தனை தடவை இப்படிப் பாத்தீங்க?"

"ஆள் இல்லாதப்பதான்."

ஆள் எப்போது இருந்தது? கண்டபடி திட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "தைச்சதை இழுத்துப் பாக்காம விட்டதே இல்லடி, கை கேக்க மாட்டேங்குது. யாராவது பாத்து நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவேன். சொல்லத்தான் யார் இருக்கா?" என்றார். அழவெல்லாம் இல்லை. ஊசியில் நூல் கோக்கிற முகத்தோடு சொன்னார்.

டாக்டரிடம் போனோம். ஒரு ஓரம் நழுவிவிட்டது, மிச்சம் பிடித்திருக்கிறது, இனியாவது கையை அடக்கினால் அதையாவது காப்பாற்றலாம் என்றாள். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அது பிரயோஜனமில்லை, ஸ்பூனில்கூடப் பார்ப்பார். ஆனால் ஒன்று கவனித்தேன். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் அவர் கை உதட்டுப் பக்கமே போவதில்லை. மத்தியானம் காய் நறுக்க அவர் அறைக்கே போக ஆரம்பித்தேன். நான் அவரோடு பெரிதாகப் பேசியதும் இல்லை. மாமியாரைத் திட்டுவேன், அவர் தலையாட்டுவார். மிச்சம் இருந்த ஒட்டு பிடித்துவிட்டது. அந்தப் பல்லில் இப்போது கூச்சம் இல்லை.

அடுத்த மாதம் இன்னொரு பல்லுக்குத் தையல். அந்த நேரத்தில் நான் இங்கே இருக்க மாட்டேன். மகளுக்குப் பிரசவம், போனால் திரும்ப நாளாகும். தள்ளிப் போடச் சொன்னால், "நீ போ, எனக்கு யாரும் வேண்டாம்" என்கிறார். தள்ளிப் போட்டாலும் அந்த வேர்தான் இன்னும் கொஞ்சம் வெளியே வரும்.

அதனால்தான் எழுதுகிறேன். தபாலாபீசுக்கு எதிர்க் கட்டடம், மெஷின் சத்தம் கேட்கும் அறை. போய்ப் பாருங்கள். தைக்கத் துணி இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் சும்மா போங்கள். பல்லைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மத்தியானமாகப் போனால் நல்லது, அப்போதுதான் வேலை இல்லாமல் அவர் கை உதட்டைத் தேடும். எதற்கு வந்தீர்கள் என்று கடுகடுவென்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும், நீங்கள் எழுந்து வந்துவிடாதீர்கள்.