ஆடாதவளின் மூன்று ஆட்டங்கள்

நடனக் குழுவில் ஸ்டாண்ட்பை என்பவள் எட்டுப் பேரின் ஆட்டத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு, எட்டுப் பேருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று சாமியும் கும்பிட வேண்டியவள். எஸ்.எம்.எஸ். ஓட்டுக் கேட்கும் டிவி போட்டி ஒன்றுக்குப் புதுச்சேரியிலிருந்து போன எங்கள் பல்கலைக்கழகக் குழுவில் அது நான். எங்கேயாவது உபரியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

வலை ஆட்டம்

வீராம்பட்டினத்தில் கேட்டு வாங்கிய நிஜ மீன்வலை. ஏழு பேர் இழுக்க, நடுவில் மீனாக ரேவதி துள்ளுவாள். கேமரா ஒத்திகையில் அவள் மேக்கப்பில் இருந்ததால் என்னை வலைக்குள் விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் உயிரைக் கொடுத்துத் துள்ளினேன். கேமராமேன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று மூச்சு வாங்க நின்றேன். சொன்னார்: "ஃபோகஸ் கிடைச்சிடுச்சும்மா, நீங்க இறங்கிக்கலாம்."

துணி ஆட்டம்

எட்டுப் பேரும் முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஆடியது இது. ஒளிபரப்பைப் பார்க்க, புதுச்சேரி சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். நான் மேடையேறவில்லை என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஒருமுறை அல்ல. "இதுல நீ எதும்மா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தோ, ஓரத்துல குதிக்குதே, அதான் எங்க பாப்பா."

கண்ணாடி ஆட்டம்

நான்கு வெற்றுச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் அவருடைய பிம்பமாக இன்னொருவர். அரையிறுதி அன்று காலை, பவித்ராவின் பிம்பமாக ஆடவேண்டிய ரேவதிக்குக் கால் பிசகியது. அவள் உடையை மாட்டிக்கொண்டு ஓடினேன். குழுத் தலைவர் பாஸ்கர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கண்ணாடின்னா மூச்சு கூட ஒத்துப் போவணும். நீ பவித்ராவோட ஆடிப் பழகலையே."

"பழக எப்பண்ணே விட்டீங்க?"

"ஆரம்பிச்சிட்டியா? இது பட்டிமன்றம் இல்ல."

பவித்ரா காலிச் சட்டத்துக்கு எதிரே ஆடினாள். நான் திரைக்குப் பின்னால் நின்று, அவள் கை தூக்கக் கை தூக்கி, ஒரு அடி பிசகாமல் ஆடினேன். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். "எல்லாருக்கும் பிம்பம் இருக்கு, அந்தப் பொண்ணுக்கு மட்டும் இல்ல. அந்த இடத்தைக் காலியா விடணும்னு யாருக்குத் தோணுச்சோ, அவருக்கு என் சல்யூட்."

எங்களை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனது நான் ஆடாததுதான் என்று யாரோடும் வாதாடி ஜெயிப்பேன், எதிரே நின்று மறுத்துப் பேச ஓர் ஆள் கிடைத்தால்.