கூட்டு மையத்துக்குப் போன சம்பளக்காரர்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. துணைவேந்தரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் அவர் சம்பளக்காரர்தான். மாதக் கடைசியில் எல்லாருக்கும் சம்பளம் போடுகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இந்த மாதம் ஏதாவது கூட வருமா என்று கேட்காமல் அவரைத் தாண்டிப் போனவர் கிடையாது. வந்தால் எனக்குத்தானே முதலில் தெரியும், தெரிந்தால் நானே ஆடிக்கொண்டு வருவேனே என்று அவரும் சளைக்காமல் சொல்லுவார். பார்க்க ஆடுகிற ஆள் மாதிரியே இருக்க மாட்டார் என்பதால் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

மனைவிக்கு அதே வளாகத்து நூலகத்தில் வேலை. திரும்பி வருகிற புத்தகங்களை வாங்கி, கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, அந்தந்த அடுக்குக்கு அனுப்புவது. ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வருவார்கள். மதியம் நூலகத்துப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்தப் படிக்கட்டுச் சாப்பாடு இன்னும் நீண்டது. பேரன் எடுக்கிற வயதில் காதல் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அப்புறம் ஐந்து பல்கலைக்கழகங்கள் கைகோத்துக்கொண்டன. ஒவ்வொன்றிலும் ஒரு சம்பளப் பிரிவு, ஒரு விடுப்புப் பிரிவு, ஆளுக்கொரு மென்பொருள். ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே சமையல்கட்டு போதாதா என்று பெரியவர்களுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றில் சேர்ந்த ஆசிரியர்கள் முன்பெல்லாம் சம்பளத்துக்காக மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் அலைவார்கள். இப்போது அந்த வேலை ஒரே மதியத்தில் முடிகிறது. நல்ல காரியத்தை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சமையல்கட்டை ரயிலேறி ஒரு ராத்திரி முழுக்கப் போனால்தான் வருகிற ஒரு நகரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய கணக்கையெல்லாம் புதியதில் ஏற்றுவதற்கு விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். ஆறே மாதம்தான் என்று சம்பளக்காரரை அனுப்பினார்கள்.

அந்த ஆறு மாதம் மூன்று வருஷமாக நீண்டுவிட்டது.

கூட்டு மையம் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வரிசை வரிசையாக மேசைகள், ஜன்னல் திறக்காத கண்ணாடி, எப்போதும் குளிர். சம்பள விவரம் வெளியே கசியக் கூடாது என்று கைப்பேசிகளை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஐந்து பல்கலைக்கழக ஊழியர்களின் கோரிக்கைகளும் அங்கேதான் வந்து விழும். முகவரி மாற்றம், விடுப்பு, காப்பீடு, குடியிருப்பு என்று எதுவானாலும் அங்கேதான். நம்ம ஆள் என்று யாரும் யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாதே, அதனால் திரையில் பெயர் தெரியாது, ஊழியர் எண் மட்டும்தான். கையில் இருப்பதை யார் முடிக்கிறாரோ அவர் திரைக்கு அடுத்தது தானாக வரும். தேர்ந்தெடுக்க முடியாது.

சம்பளக்காரர் பக்கத்தில் ஒரு வாடகை அறை எடுத்துத் தங்கினார். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவார். போனால் மனைவி அவருக்கென்று மடித்து வைத்த துண்டை எடுத்துக் கொடுப்பாள். டம்ளர்கள் வேறு அலமாரிக்கு இடம் மாறியிருக்கும். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி, எது எங்கே என்று கேட்டுக் கேட்டு இரண்டு நாள் ஓடிவிடும். திரும்ப ரயிலில் உட்காரும்போது இறங்கி ஓடிவிடலாமா என்றிருக்கும். யாரிடமும் சொல்ல மாட்டார். ஆம்பிளை இல்லையா, அந்த வீம்பு.

ஒரு வருஷத்துக்கு முன்னால் மனைவி ஒரு செய்தி சொன்னாள். வளாகத்திலேயே மாணவர் விடுதி அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இடம் காலியாம். பழைய சம்பளப் பிரிவைத்தான் இழுத்து மூடிவிட்டார்களே, வருவதென்றால் இப்படி ஏதாவது ஒன்றில்தான் வர முடியும், எழுதிப் போடுங்கள் என்றாள். அது அவர் இருந்த பதவிக்கு இரண்டு படி கீழே. அவருக்குச் சுருக்கென்றது.

"ஊருக்கே சம்பளம் போட்டவன் போய் யார் ரூம்ல பல்பு எரியலன்னு எழுதிட்டு உக்காரணுமா? கொஞ்சம் பொறு. மரியாதையா விடுவிச்சு அனுப்புவாங்க. அடுத்த மாசம் கேக்கறேன்."

அவள் சரி என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாயங்காலத்து அழைப்புகள் சுருங்கிப்போயின. சாப்பிட்டாச்சா, ஆச்சு, அங்க மழையா, லேசா. அடுத்த மாதம் ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு மாதமும் அவர் சொல்லுவார். அவளும் ம் கொட்டுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் சத்தமாகச் சிரித்தாள். துடுக்கான பெண், வேலையில் கெட்டி. முகவரித் திருத்தம் என்று வந்த கோரிக்கையில் யாரோ எழுதியிருப்பதைக் கேளுங்கள் என்று வாசித்துக் காட்டினாள். பின்கதவு மழையில் ஊறிக்கொண்டு சாத்த மறுக்கிறது. முன்பு தோளால் இடித்துச் சாத்த ஒருவர் இருந்தார். இப்போது நாற்காலியை முட்டுக் கொடுக்கிறேன். ஆகவே முகவரியைத் திருத்த வேண்டும்.

சம்பளக்காரருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கதவை அவருக்குத் தெரியும். அந்தத் தோள் அவருடையது.

அந்தப் பெண் கட்டடப் பராமரிப்புப் பிரிவை அணுகவும் என்று தட்டி அனுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் கேட்டார், அது நீயா என்று.

"உங்ககிட்ட வரும்னு நினைச்சு அனுப்பினேன்."

"அது யார்கிட்ட வேணா போகும். வரிசைப்படிதான் வரும்."

"அப்ப என்னைக்காவது ஒருநாள் வரும்ல," என்றாள் அவள். "வர்ற வரைக்கும் அனுப்பறேன்."

சொன்னபடியே அனுப்பினாள். போனில் வராத வார்த்தையெல்லாம் அவளுக்குக் கோரிக்கையில் காரணம் எழுதுகிற கட்டத்துக்குள் வந்தது. தும்மினால் என்ன ஆச்சு என்று கேட்க வீட்டில் ஆளில்லை, இதற்குக் காப்பீட்டில் ஏதாவது உண்டா? மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும் என்று யாரோ பதில் போட்டார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டாம், அன்றைக்கும் வேலை கொடுங்கள். உரிய ஆவணம் இணைக்கவும். எது கேட்டாலும் ஆவணம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு கோரிக்கையை நிராகரித்தால், நிராகரித்தவரே மேசைத் தொலைபேசியில் விண்ணப்பித்தவரைக் கூப்பிட்டு வாய்விட்டுக் காரணம் சொல்ல வேண்டும் என்பது மையத்து விதி. திட்டு வாங்க யாருக்கு ஆசை? அதனால் யாரும் நிராகரிப்பதே இல்லை. ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பைத்தியம் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று மேல்மாடி முழுக்க எதிர்பார்க்கத் தொடங்கியது. சம்பளக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் படிக்கிறது, எனக்கு மட்டும் வரவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கினார். முடிக்க முடிக்கத்தான் அடுத்தது வரும். ஆகவே அவர் வேகத்தைக் கூட்டினார். தேநீர் இடைவேளைக்கு எழுந்திருப்பதை விட்டார். சாப்பாட்டை மேசையிலேயே முடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணும் திரையில் வந்து விழும்போது இதுவாக இருக்குமோ என்று பார்ப்பார். இருக்காது. எவரோ ஒரு பேராசிரியரின் வங்கிக் கணக்கு மாற்றமாக இருக்கும். அதை மளமளவென்று முடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்.

மாதக் கூட்டத்தில் மையத்தின் தலைவி எல்லார் முன்னாலும் அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். ஐந்து பல்கலைக்கழகத்திலும் இவரைப் போல வேகம் யாரிடமும் இல்லை, இவரை விட்டால் மையமே படுத்துவிடும் என்றார். கை தட்டினார்கள். விடுவித்து அனுப்பச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பம் அதே காரணத்துக்காக இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போனது. மனிதர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். அதுவும் இரண்டு கையாலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போயிருந்தாளாம்.

"அப்பா, அம்மா முன்ரூம்ல லைட்டே போடறதில்லப்பா. சமையல் ரூம்லயே பாயப் போட்டுப் படுத்துக்கறாங்க. கேட்டா, எதுக்கு ரெண்டு ரூமைப் பெருக்கணும்னு சொல்றாங்க."

அடுத்த மாதம் போய்ப் பார்க்கிறேன் என்றார் இவர். மகள் போனை வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அவர் திரையில் மனைவியின் எண் வந்தது. எத்தனை மாதம் காத்திருந்த எண். அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இன்றைக்கு என்ன கேட்டிருக்கிறாளோ என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காதபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திறந்தார்.

குடியிருப்பு ஒப்படைப்பு. இரண்டு அறை வீட்டைத் திருப்பித் தருகிறேன், பெண் ஊழியர் விடுதியில் ஓர் அறை போதும் என்று கேட்டிருந்தாள். உரிய ஆவணங்கள் எல்லாம் ஒன்று விடாமல் இணைத்திருந்தாள். வீட்டில் இருப்போர் என்ற இடத்தில் ஒருவர் என்று போட்டிருந்தாள். காரணம் எழுதுகிற கட்டத்தில் இந்த முறை கேலி இல்லை, கதவு இல்லை, தும்மல் இல்லை. ஆள் இல்லாத அறையோடு இருக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி.

அவள் தன்னிடம் வரட்டும் என்று அனுப்பிய கோரிக்கை இல்லை இது. யாரிடம் போனாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை உலுக்கியது. இவ்வளவு நாளும் அவள் காத்திருக்கிறாள் என்கிற தெம்பில்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீடு அங்கே இருக்கிறது, அந்தப் படிக்கட்டு அங்கே இருக்கிறது, மரியாதையோடு திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அவள் காத்திருப்பதை நிறுத்துவாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தெரிந்தவர் கோரிக்கை என்றால் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதி உண்டு. அந்த விதியை எழுதும்போது கூட இருந்தவர்தான் சம்பளக்காரர். தள்ளவில்லை. திரையை அப்படியே பூட்டி வைத்துவிட்டுத் தலைவியின் அறைக்குப் போனார்.

விடுதி அலுவலகத்து எழுத்தர் இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, அதில் போட்டு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். தலைவி பேனாவை மூடி வைத்தார். அது எவ்வளவு கீழே தெரியுமா என்றார். தெரியும் என்றார் இவர். உங்கள் வேகத்துக்கு நான் எங்கே போவேன் என்று அவர் கேட்டபோதுதான், அந்த வேகம் எதற்கு வந்தது என்பதை இவர் உடைத்துச் சொன்னார். பின்கதவு, தும்மல், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார்.

தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கோரிக்கையெல்லாம் உங்க வீட்டம்மாவா? யாரோ புத்தி சரியில்லாதவங்கன்னு நாங்க பேசிட்டிருந்தோம்."

"புத்தி சரியில்லாதவன் நான்தான் மேடம். அவங்க தெளிவாத்தான் இருக்காங்க."

தலைவி மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து நீட்டினார். இவர் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவி அதன் கீழே ஏற்கலாம் என்று எழுதி, தேதி போட்டார்.

மேசைக்குத் திரும்பி வந்து, திரையைத் திறந்து, நிராகரி என்ற பொத்தானை அமுக்கினார். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அங்கே யாரும் அதை அமுக்கி அவள் பார்த்ததில்லை. சம்பளக்காரர் மேசைத் தொலைபேசியை எடுத்தார். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் இரண்டு பக்கத்துக்கும் சொல்லி முடித்தது. பின்னால் புத்தகம் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"கூட்டு மையத்துலேருந்து பேசறேன்," என்றார். "உங்க குடியிருப்புக் கோரிக்கை ஏற்கப்படல."

அந்தப் பக்கம் புத்தகச் சத்தம் நின்றது.

"என்ன காரணம்?" என்றாள்.

"வீட்ல இருக்கறவங்க ஒருத்தர்னு போட்டிருக்கீங்க. அது சரியில்ல. ரெண்டு பேர்."

"இன்னொருத்தரை நான் பார்க்கலியே."

"விடுதி ஆபீசுக்கு எழுத்தரா வர்றார். கையெழுத்துப் போட்டாச்சு. இந்த மாசமே வர்றார்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா என்று தெரியவில்லை. பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வர்றேன் வர்றேன்னு நிறைய தடவை சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருக்கேன். அதெல்லாம் சாயங்காலம் சொன்னது, காத்தோட போச்சு," என்றார் சம்பளக்காரர். "இது பதிவாகுது. அதுக்குத்தான் இதுல கூப்பிட்டுச் சொல்றேன்."